மழை பெய்தால் ரேஸ் கார் எப்படி ஓடும்?
(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)



ரேஸ் கார் டயரைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? அதில் பட்டனே இருக்காது. பட்டன் என்றால் சட்டைப் பட்டன் இல்லை. டயரின் மேலே வரி வரியாக, கட்டம் கட்டமாக இருக்குமே, அதைத்தான் டயர் கடையில் பட்டன் என்று சொல்கிறார்கள். ரேஸ் கார் டயர் எண்ணெய் தடவின மொட்டைத் தலை மாதிரி வழவழ என்று இருக்கும். அதற்கு ஸ்லிக் என்று பெயர்.

நம்ம ஊரில் ஒரு டயர் அப்படி ஆகிவிட்டால் “மொட்டை ஆயிடுச்சு, மாத்துப்பா” என்போம். ஆனால் எங்க மாமா அப்படிச் சொல்ல மாட்டார். அவர் குட்டி யானை ஓட்டுகிறார். விடியற்காலையில் கடப்பாக்கத்தில் மீன் ஏற்றி, மதுராந்தகத்திலும் செங்கல்பட்டிலும் இறக்கிவிட்டு, காலி வண்டியில் திரும்புவார். டயரை மாத்துடா என்று எங்க அம்மா சொன்னால், “ரேஸ்காரனே மொட்டை டயர்லதான் ஓட்டறான்க்கா. அவன் இருநூறுல போறான். நான் அறுபதுல போறதுக்குப் பட்டன் எதுக்கு?” என்பார். அம்மாவுக்குக் கோபம் வருமே தவிர பதில் வராது. கேள்வி நல்ல கேள்விதானே! அதனால்தான் நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாமா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை அவர் விட்டுவிட்டார். அந்த மீதிதான் இந்தக் கட்டுரை.

ரேஸ் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது

கார் ரேஸ் என்றால் வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். நம்ம செய்யூரிலிருந்து செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனால் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-இல் இருந்து ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. இந்த கிளப் 1953-இல் தொடங்கியது. டிராக் கட்டுவதற்கு முன்னால் சோழவரத்தில் ரேஸ் விட்டார்கள். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்! விமானம் ஓடிய தரையில் கார் ஓடியது. இந்த விமான விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். 2010-இல் ஓட்டிய கருண் சந்தோக் சென்னைக்காரர். சென்னை அலிஷா அப்துல்லா பைக் ரேஸிலும் கார் ரேஸிலும் ஓட்டியவர். பையன்கள் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம், அவர் பெண்தான்.

டயரும் நம்ம பக்கத்துப் பொருள்தான். எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்த இடத்திலிருந்து வளர்ந்தது. ஒரகடத்தில் அப்போலோ டயர் தொழிற்சாலை இருக்கிறது. பஸ்ஸில் போனால் பார்க்கலாம்.

மொட்டை டயர் ஏன் பிடிக்கிறது?

தரை காய்ந்திருக்கும்போது எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறதோ அவ்வளவு நல்லது. தார் ரோட்டைக் கையால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். மெதுவான ரப்பர் அந்தச் சின்னச் சின்னக் குழிகளுக்குள் அமுங்கி இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பட்டன் இருந்தால் நடுவில் இருக்கும் பள்ளங்கள் தரையைத் தொடாது, அந்த இடம் வீண். அதுவும் இல்லாமல் வேகமாக வளையும்போது பட்டன் கட்டைகள் அழிரப்பரை மேஜையில் அழுத்தித் தள்ளுவது மாதிரி நெளியும், சூடாகிக் கிழியும். அதனால் ரேஸ்காரர்கள் பள்ளமே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். இதுவரை மாமா சொன்னது சரி.

ஆனால் ஸ்லிக் டயரும் தேய்ந்த டயரும் ஒன்று இல்லை. ஸ்லிக் புதுசாகவே அப்படிச் செய்தது. ரப்பர் கனமாக இருக்கும், மெத்தென்று இருக்கும். ஓடி ஓடி 80, 90 டிகிரிக்குச் சூடானால் பசை மாதிரி ஒட்டும். சித்திரை வெயிலில் தார் செருப்பில் ஒட்டுமே, அந்த மாதிரி. தேய்ந்து மொட்டையான டயரில் நல்ல ரப்பர் எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருப்பது வெயிலில் காய்ந்து இறுகின பழைய ரப்பர். அதற்குக் கீழே நூல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வாழைப்பூவும் தாழம்பூவும் பூதான் என்று சொல்கிற மாதிரி.

இன்னொன்று. முதல் தூறல் விழுந்து தரை ஈரமானதும் அதே ரேஸ்காரர்கள்தான் அந்த மொட்டை டயரைக் கழற்றிப் போட ஓடுகிறார்கள். இதை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தண்ணீர் என்ன செய்கிறது?

டயர் உருண்டு வரும்போது எதிரில் இருக்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ளினால்தான் ரப்பர் தரையைத் தொடும். மெதுவாக வந்தால் தண்ணீருக்கு ஒதுங்க நேரம் இருக்கிறது. வேகமாக வந்தால் நேரம் இல்லை. அது டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகுமே, அது ஏன் உடனே மூழ்கவில்லை? வேகம்தான் காரணம். காரும் ஒரு வேகத்துக்கு மேல் ஓட்டாஞ்சில் ஆகிவிடும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் போட்டாலும் நிற்காது, ஏனென்றால் டயர் ரோட்டில் இல்லை, தண்ணீர் மேல் இருக்கிறது. இதற்கு அக்வாபிளேனிங் என்று பெயர்.

இந்த வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமானச் சக்கரத்துக்காகக் கண்டுபிடித்தது (விமானத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே!). டயரில் இருக்கும் காற்றின் அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை 16.7-ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் டயர் மிதக்கும் என்று தெரியும். காற்று என்றால் காத்துக் கடையில் “முப்பது வைங்க” என்று சொல்கிறோமே, அந்த எண்தான். 25 காற்று இருந்தால் வர்க்கமூலம் 5. மிதக்கும் வேகம் 83 கிலோமீட்டர். 36 இருந்தால் 6, அதாவது 100 கிலோமீட்டர். காற்று இறங்கி 16-க்கு வந்துவிட்டால் 4, வெறும் 67 கிலோமீட்டர்தான். கணக்கு சாரிடம் காட்டினேன். சரி என்று சொல்லி டிக் போட்டுக் கொடுத்தார்.

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீர் டயரை மேலே தூக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் அழுத்தம் நான்கு மடங்கு. அது டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தொடும் நேரத்தில் டயர் தூக்கப்படுகிறது. ஆனால் இந்தக் கணக்கு மொட்டை டயருக்கு. அல்லது பட்டன் ஆழத்தைவிடத் தண்ணீர் அதிகமாகத் தேங்கியிருக்கும்போது. நல்ல பட்டன் இருந்தால் தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடிவிடும், மிதக்கும் வேகம் இதைவிட மேலே போகும். வயலில் வடிகால் வெட்டுகிறோமே, பட்டனுக்கும் அதே வேலைதான்.

அப்படியானால் அறுபதில் போகிற மாமா மிதக்க மாட்டாரா? மாட்டார். அவர் டயரில் காற்று நிறைய வைப்பார். ஆனால் முழுசாக மிதந்தால்தான் ஆபத்து என்று இல்லை. மெல்லிய ஈரப்படலமே பாதிப் பிடிப்பைத் தின்றுவிடும். நம்ம இயக்கம் பாடத்தில் இருக்கும் சமன்பாட்டை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். காய்ந்த ரோட்டில் உராய்வு 0.7 என்று வைத்துக்கொண்டால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க 20 மீட்டர். ஈர ரோட்டில் உராய்வு 0.4 என்றால் 35 மீட்டர். அதாவது நம்ம வகுப்பறை இரண்டு சேர்ந்த அளவு தூரம் கூடுதல். டயரும் மொட்டை என்றால் அதற்கும் மேலே. எதிரில் மாடு நின்றால் அது 20 மீட்டரில் நிற்கிறதா 35 மீட்டரில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டா நிற்கும்?

மழை டயர்

ரேஸில் மழைக்கு இரண்டு வகை டயர் வைத்திருப்பார்கள். தரை ஈரம், ஆனால் தண்ணீர் தேங்கவில்லை என்றால் இன்டர்மீடியட். அதில் பள்ளம் குறைவு. நன்றாகப் பெய்து குட்டை கட்டினால் முழு வெட் டயர். பள்ளம் ஆழம், ரப்பரும் இன்னும் மெது. குளிர்ந்த தரையிலும் பிடிக்க வேண்டுமே, அதற்காக.

ஃபார்முலா ஒன் காருக்கு டயர் கொடுக்கும் பிரெல்லி கம்பெனி சொல்லும் கணக்கைக் கேட்டு எனக்கு வாய் பிளந்துவிட்டது. 300 கிலோமீட்டர் வேகத்தில் அவர்களுடைய ஒரு முழு வெட் டயர் ஒரு நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். இன்டர்மீடியட் 30 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால், ஒரு நொடியில் ஒரு டயர் ஐந்தரைக் குடத்துக்கு மேல் இறைக்கிறது. நாலு டயருக்கு 340 லிட்டர். மூன்று நொடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் காலி! தெருக் குழாயில் நாங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இறைத்த தண்ணீர் எங்கே போகும்? பின்னால் வருகிற டிரைவர் முகத்துக்குத்தான். அதனால்தான் மழையில் ரேஸ் காரின் பின்பக்கம் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். டயர் தாங்கினாலும் கண் தாங்காது. 2021 ஆகஸ்ட் 29-இல் பெல்ஜியத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்று மட்டும் ஓட்டிவிட்டு, பாதிப் புள்ளி கொடுத்து முடித்துவிட்டார்கள். பனி மூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒன்றுமே தெரியவில்லை.

சரியான டயர் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு ஒரு கதை. 2003 ஏப்ரலில் பிரேசிலில் பந்தயம். அந்த வருஷ விதிப்படி ஒரே ஒரு வகை மழை டயர்தான் கொண்டுவரலாம். எல்லாரும் இன்டர்மீடியட்டைக் கொண்டுவந்தார்கள். பெய்ததோ கொட்டு கொட்டென்று. மூன்றாவது வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே வாய்க்கால் மாதிரி தண்ணீர் ஓடியது. ஒரே இடத்தில் ஒவ்வொரு காராகச் சறுக்கிப் போனது. அதில் ஒருவர் மைக்கேல் ஷூமாக்கர்! அப்போதே ஐந்து முறை உலக சாம்பியன். தண்ணீருக்கு அது தெரியுமா?

நம்ம சென்னையிலும் மழை ரேஸை நிறுத்தியிருக்கிறது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ஊர் ரோட்டிலேயே இரவு ரேஸ் விட 2023 டிசம்பரில் ஏற்பாடு செய்தார்கள். மிக்ஜாம் புயல் வந்தது. ஊரே தண்ணீரில் நின்றது. ரேஸைத் தள்ளிவைத்து 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-இல்தான் நடத்தினார்கள்.

காத்து எவ்வளவு?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மழை வந்தால் ரேஸ்காரர்கள் டயரை மட்டும் மாற்றுவதில்லை, காற்றையும் மாற்றுகிறார்கள். ஏன்?

காற்று சூடானால் அழுத்தம் கூடும். கிளம்பும்போது வைக்கிற காற்று வேறு, ஓடிச் சூடான பிறகு இருக்கிற காற்று வேறு. ரேஸில் முக்கியம் சூடான காற்று. ஒரு கணக்கு போடுவோம், எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. 30 டிகிரியில் 24 வைத்தோம். டயர் 80 டிகிரிக்குச் சூடானால் எவ்வளவு ஆகும்? மீட்டர் காட்டுவதோடு வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐச் சேர்க்க வேண்டும், வெப்பநிலையோடு 273-ஐச் சேர்க்க வேண்டும். 38.7-ஐ 353-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 45.1. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் 30.4. அதாவது 24 வைத்தது 30-ஐத் தாண்டிவிட்டது.

மழையில் என்ன ஆகும்? தண்ணீர் டயரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். 50 டிகிரி வரைதான் ஏறுகிறது என்று வைத்தால் 26.6-தான் வரும். கிட்டத்தட்ட நாலு குறைவு. அதனால் கிளம்பும்போதே 27, 28 வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் நிறையத் தேங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. காற்று கூடினால் மிதக்கும் வேகம் கூடும் என்று மேலே பார்த்தோமே. டயரின் நடுப்பகுதி லேசாகப் புடைத்துக்கொண்டு, பள்ளங்களும் நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் வெறும் ஈரம்தான் என்றால் சிலர் காற்றைக் குறைத்து டயரைச் சூடேற்றப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் கணக்கைவிட அனுபவம்தான் பேசும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு வண்டிக்கு அறுபது எழுபது என்று அடித்துவிடாதீர்கள். ரொம்ப அடித்தால் டயர் பந்து மாதிரி ஆகி, நடுவில் மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு போய்விடும். எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். அதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

காரை மெதுவாக்குவது

மெதுவாக்குவது என்றால் வேகத்தைக் குறைப்பது இல்லை. காரின் உடம்பை மெது ஆக்குவது. காய்ந்த தரைக்கு ரேஸ் கார் கட்டை மாதிரி இருக்கும். ஸ்பிரிங் கடினம், தரையை ஒட்டி இருக்கும். மழையில் அப்படி இருந்தால், டிரைவர் லேசாக ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் எடை சட்டென்று ஒரு பக்கம் விழும், டயர் பட்டென்று வழுக்கிவிடும். அதனால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தளர்த்துகிறார்கள். இடது, வலது சக்கரத்தை இணைக்கிற ஒரு கம்பி இருக்கும், கார் ஒரு பக்கம் சாயாமல் தடுப்பது அதன் வேலை. மழையில் அதையும் தளர்த்துவார்கள், சில பேர் கழற்றியே விடுவார்கள். தலையில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டு வழுக்குத் தரையில் நடக்கும்போது முழங்காலை விறைப்பாக வைத்தா நடப்போம்? கொஞ்சம் மடக்கித்தானே நடப்போம். அதேதான்.

காரின் உயரத்தையும் கொஞ்சம் தூக்குகிறார்கள். அடிப்பலகை தண்ணீரில் பட்டால் டயர் மிதக்காவிட்டாலும் காரே மிதக்கும். ஃபார்முலா ஒன் முழு வெட் டயரின் விட்டம் சாதா டயரைவிட 10 மில்லிமீட்டர் அதிகம். ஆரம் 5 மில்லிமீட்டர் கூடுகிறது, அதனால் டயரை மாற்றினாலே கார் 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். காரின் இறக்கையையும் கூடச் சாய்த்து வைப்பார்கள். விமான இறக்கை மேலே தூக்கும், ரேஸ் கார் இறக்கை கீழே அமுக்கும்.

பிரேக்கில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. மதுராந்தகம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் எல்லாரும் முன்னால் விழுகிறோம். வண்டியின் எடையும் அப்படித்தான் முன்சக்கரத்துக்குப் போகிறது. அதனால் முன்சக்கரத்துக்குப் பிரேக் அதிகம், பின்சக்கரத்துக்குக் குறைவு என்று வைத்திருப்பார்கள். மழையில் அவ்வளவு அழுத்தி பிரேக் பிடிக்கவே முடியாது. எடை முன்னால் போவதும் குறைகிறது. பழைய அளவே இருந்தால் முன்சக்கரம் மட்டும் இறுகி நின்று வழுக்கும். ஆகவே மழை வந்ததும் பிரேக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறார்கள்.

முன்னா, பின்னா?

மழையில் கார் இரண்டு விதமாகச் சறுக்கும். முன்சக்கரம் பிடிக்காவிட்டால், திருப்பினாலும் நேராகப் போகும். பின்சக்கரம் பிடிக்காவிட்டால், பின்பக்கம் பிதுங்கி முன்னால் வந்து வண்டி சுற்றிவிடும். இரண்டில் எது மோசம்? சுற்றுவதுதான். நேராகப் போகும்போது வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் மறுபடி பிடிக்க வாய்ப்பு உண்டு. சுற்ற ஆரம்பித்த பிறகு ரேஸ் டிரைவருக்கே ஒரு நொடி கூடக் கிடைக்காது. அதனால் மழைக்குக் காரைத் தயார் செய்யும்போது முதலில் பின்பக்கம் பிடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இப்போது மாமா கதை. போன புரட்டாசியில் அம்மா தொல்லை தாங்காமல் இரண்டு புது டயர் வாங்கினார். இரண்டையும் முன்னால் போட்டார். “ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு” என்றார். பின்னால் இருந்த மொட்டை இரண்டும் அப்படியே. ஐப்பசியில் ஒருநாள் காலை, மீனை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் வருகிறார். மழை விட்டு ரோடு பளபள என்று இருக்கிறது. ஏரிக்கரை வளைவில் நாய் குறுக்கே வந்ததும் பிரேக்கை மிதித்திருக்கிறார். புது டயர் முன்னால் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பின்னால் பிடிக்கவில்லை. வண்டி அப்படியே சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. காலிப் பெட்டிகள் எல்லாம் வயலில். எதிரில் அப்போது பஸ் வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. மாமா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்காரர் உடைந்த பெட்டிக்குக் காசு கேட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

ரேஸ்காரர்கள் கணக்கில் பார்த்தால் இதில் மூன்று விஷயம் சேர்ந்திருக்கிறது. பின்டயர் மொட்டை. காலி வண்டி என்பதால் பின்சக்கரத்தின் மேல் எடையே இல்லை. லோடுக்கு அடித்த காற்று காலி வண்டிக்கு ரொம்ப அதிகம், டயர் கல் மாதிரி இருக்கும். பத்துப் பெட்டி மீன் பின்னால் இருந்திருந்தால் ஒருவேளை சுற்றியிருக்காது. இரண்டு டயர்தான் புதுசு என்றால் அதைப் பின்னால் போட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நான் சொன்னபோது மாமா, “போடி, உனக்கென்ன தெரியும்” என்றார். அதையே பஞ்சர் கடை அண்ணன் சொன்னதும் கேட்டுக்கொண்டார்! பரவாயில்லை. புதுசு இரண்டும் பின்னால் போனது. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் முன்னாலும் இரண்டு வாங்கிப் போட்டாயிற்று. அந்தப் பணம் எனக்குக் கொலுசு வாங்க வைத்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உங்கள் வீட்டு வண்டியைப் பார்க்க விரும்பினால், டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். கார், வேன் டயரில் அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. மாமாவின் பழைய டயரில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஸ்கேல் வைக்க இடமே இல்லை.

ரோட்டில் எங்கே ஓட்டுவது?

காய்ந்த டிராக்கில் எல்லாக் காரும் ஒரே தடத்தில் போகும். அந்தத் தடத்தில் ரப்பர் ஒட்டிக் கறுப்பாக இருக்கும், அங்கேதான் பிடிப்பு அதிகம். மழை பெய்தால் எல்லாம் தலைகீழ். அந்த ரப்பரும், சிந்தின எண்ணெயும் ஈரத்தில் வழவழத்துப் போகும். நல்ல டிரைவர்கள் அந்தத் தடத்தை விட்டு விலகி, வளைவின் வெளிப்பக்கமாக, யாரும் ஓட்டாத சொரசொரப்பான தரையைத் தேடிப் போவார்கள். ஓரத்தில் சிவப்பு வெள்ளைப் பெயிண்ட் அடித்த கட்டைகளைத் தொடவே மாட்டார்கள். பெயிண்ட் தாரைவிட வழவழப்பு, ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

ஈ.சி.ஆர். ரோட்டிலும் இதே கதைதான். பல மாதம் காய்ந்த ரோட்டில் விழுகிற முதல் மழைதான் ரொம்ப வழுக்கும். அத்தனை மாத எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழம்பாகும். பெருமழை அடித்துக் கழுவின பிறகு கொஞ்சம் தேவலை. நம்ம பக்கம் காற்றில் வந்து படிகிற கடல் மணலும் சேர்ந்துகொள்ளும். சைக்கிளில் வருகிறவர்கள் வெள்ளைக்கோட்டின் மேல் பிரேக் பிடித்துப் பாருங்கள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், டீச்சர் திட்டுவார்கள்.

மழை நின்ற பிறகும் வேலை முடிவதில்லை. கார்கள் ஓடி ஓடி ஒரு தடம் மட்டும் முதலில் காயும். அந்தத் தடத்தில் வெட் டயர் ஓடினால், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் மெது ரப்பர் சூடேறிப் பிய்ந்து போகும். டயரை மாற்றலாம் என்றால் தடத்துக்கு வெளியே இன்னும் ஈரம், ஸ்லிக் போட்டவன் ஒரு அடி விலகினால் போச்சு. அதனால் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று வெட் டயரிலேயே ஓட்டுவார்கள். டயர் ரொம்பச் சூடாகிவிடாமல் இருக்க, நேர் ரோட்டில் வேண்டுமென்றே காரை ஓரத்துக்குத் திருப்பி, மிச்சம் இருக்கிற குட்டையாகப் பார்த்து ஏற்றுவார்கள். யாராவது ஒருவர் துணிந்து உள்ளே போய் ஸ்லிக் மாட்டிக்கொண்டு வருவார். மற்றவர்கள் எல்லாரும் அவருடைய அடுத்த சுற்று எத்தனை நொடி என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் வேகமாக வந்துவிட்டால், அடுத்த நிமிஷம் எல்லாக் காரும் டயர் மாற்ற வரிசையில் நிற்கும்.